புகைக் கணக்கு யார் தலையில்?

இந்தியாவின் மின்சாரத் தொழில் ஆண்டுதோறும் ஆகாயத்தில் கக்கும் கரியமில வாயு 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இது நாம் கட்டிவிட்ட கதை அல்ல. மத்திய மின்சார ஆணையம் என்ற சர்க்கார் ஸ்தாபனமே வருஷா வருஷம் வெளியிடும் கணக்கு. 2006-07ல் அது ஏறக்குறைய 50 கோடி டன்னாக இருந்தது. 2018-19ல் 96 கோடியாயிற்று. 2021-22ல் 100 கோடியைக் கடந்தது. பதினைந்தே ஆண்டுகளில் இரட்டிப்பு!

இடையில் இரண்டு வருஷம் மட்டும் கணக்கு சற்று இறங்கியது. 2020-21ல் 91 கோடி டன். ஏன் இறங்கியது? கொரோனா ஊரடங்கில் ஆலைகள் நின்றன. தொழிலாளி மூட்டை முடிச்சைத் தலையில் சுமந்து, குழந்தையை இடுப்பில் வைத்து, நூற்றுக்கணக்கான மைல் நடந்தான். அந்த நடையின் மறுபக்கம்தான் இந்தப் புகைக் குறைவு. இதைப் பார்த்து "ஆகா, வானம் தெளிந்துவிட்டது" என்று மெத்தை வீட்டு மாடியிலிருந்து படம் பிடித்தவர்களும் உண்டு. பாட்டாளியின் அடுப்பு அணைந்துதான் ஆகாயம் சுத்தமாக வேண்டும் என்றால், அந்தச் சுத்தம் நமக்கு வேண்டாம்.

"கூலி உயர்வு இருக்கிறது, குடிமனைப் பட்டா இருக்கிறது, மூடிய மில்லின் பாக்கி இருக்கிறது. இந்த வாயு விவகாரம் நமக்கு எதற்கு? படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டுமே" என்று நம் தோழர்களில் சிலரே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசாமல் இருந்தால் நம்மைப் பற்றிப் பிறர் பேசி முடித்து, பில்லை நம்மிடம் நீட்டுவார்கள். அதனால் விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

நிலக்கரி என்பது பெரும்பாலும் கரி. கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேருகிறது. 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவாகிறது. ஆகவே எரித்த கரியைக் காட்டிலும் வெளிவரும் வாயுவின் எடை அதிகம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். சுமார் 700 கிராம் எரித்தால் ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். கூடவே ஏறக்குறைய ஒரு கிலோ வாயு போகும். 500 மெகாவாட் யந்திரம் ஒன்று முழுமூச்சாக ஓடினால் மணிக்குச் சுமார் 500 டன். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிவது வேறு. நாம் பேசுவது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. அது மேலே போய்ப் போர்வை போலப் படிந்து, பூமியின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. இயந்திரத் தொழில் தொடங்குமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு இருந்தது. 1958ல் ஹவாய்த் தீவில் ஒழுங்காக அளக்க ஆரம்பித்தபோது 315. இன்று 420க்கு மேல்.

போர்வை கனத்தால் புழுங்குவது யார்? பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்றங்காலில் குனிந்து நிற்பவள், நூற்பு இலாகாவில் ஜன்னல் அடைத்த கூடத்தில் ஓடுபவன், தார் காய்ச்சுபவன், கடலில் வலை இழுப்பவன். குளிர்சாதன அறையில் இருப்பவனுக்குப் புழுக்கம் என்றால் பொத்தானை ஒரு திருகு, அவ்வளவுதான்.

நமது கனகசெட்டிக்குளம் புதுவையின் வடக்கெல்லை. நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. கிழக்கே கடல். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியதை இந்தக் கரை மறக்கவில்லை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் வந்தது. புதுவையில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒவ்வொரு புயலையும் கரியமில வாயு பெற்ற பிள்ளை என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது; நம் பாட்டன் காலத்திலும் புயல் அடித்தது. ஆனால் கடல் சூடேறினால் மேகம் அதிக நீரைச் சுமக்கும், கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதில் சந்தேகம் இல்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் சர்க்கார் அறிவித்தது. இடிந்த சுவரும், நனைந்த நெல்லும், போன வேலை நாட்களும் 5000 ரூபாயில் அடங்குமா என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இது நம் விஷயம்தான். சரி, குற்றவாளி யார்?

இங்கேதான் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. மேல்நாட்டு ஏகாதிபத்தியவாதிகள், "மனித குலமே குற்றவாளி, இந்தியா நிலக்கரியை உடனே நிறுத்த வேண்டும்" என்கிறார்கள். நம் நாட்டு ஏகபோக முதலாளிகள், "நாங்கள் ஏழை நாடு, எரிக்க எங்களுக்கு உரிமை உண்டு, கேள்வி கேட்காதே" என்கிறார்கள். இரண்டையும் நாம் ஏற்க முடியாது.

முதலில் மேல்நாட்டார் பேச்சு. லண்டனில் ஹால்பர்ன் வயாடக்ட் என்ற இடத்தில் 1882ல் நிலக்கரி மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தின் கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது 2024 செப்டம்பர் 30ல். 142 ஆண்டு எரித்துவிட்டு, நம்மைப் பார்த்து "எரிக்காதே" என்கிறார்கள்! இன்று தலைக்கு வருஷத்தில் அமெரிக்கன் விடும் கரியமில வாயு சுமார் 14 டன். இந்தியன் விடுவது சுமார் 2 டன். இதுவரை உலகம் ஆகாயத்தில் சேர்த்ததில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவினுடையது நூற்றில் நாலுக்கும் குறைவு. வெள்ளைக்காரன் போகும்போது, 1947ல், இந்த நாடு முழுவதற்குமாக விட்டுப் போன மின் உற்பத்தித் திறன் வெறும் 1,362 மெகாவாட். தலைக்கு வருஷத்தில் 16 யூனிட்! இன்று நெய்வேலி ஒரு ஊரிலேயே அந்த 1,362ஐப் போல இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. தேசத்தின் சராசரி தலைக்கு 1,300 யூனிட்டைத் தாண்டிவிட்டது. இந்த வளர்ச்சிக்காக நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத நாட்டில் மில்லும் இல்லை, பம்பு செட்டும் இல்லை, இரவில் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் இல்லை. ரஷ்யாவில் புரட்சி முடிந்து, உள்நாட்டுப் போர் ஓய்வதற்குள்ளாகவே 1920ல் லெனின் மின்மயத் திட்டத்தைக் கையிலெடுத்ததன் காரணமும் அதுதான்.

ஆனால் உள்நாட்டு முதலாளியின் பேச்சைத் துருவிப் பார்க்க வேண்டும். "நாங்கள் ஏழைகள்" என்கிறானே, அந்த "நாங்கள்" யார்?

ஒரு கூலிக்காரர் வீட்டைக் கணக்குப் போடுவோம். ஒரு மின்விசிறி பத்து மணி நேரம், இரண்டு சின்ன பல்பு, நாலு மணி நேரம் டெலிவிஷன். நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். சூரிய மின்சாரம், காற்று, நீர், அணு எல்லாம் சேர்த்த சராசரியில் யூனிட்டுக்கு 0.72 கிலோ வாயு என்று ஆணையத்தின் கணக்கு. அப்படியானால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் வருஷத்துக்குச் சுமார் 300 கிலோ. இதே கடற்கரைச் சாலையில் ஐம்பது அறை ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஒரு குளிர்சாதனம். மணிக்கு ஒரு யூனிட், பத்து மணி நேரம் என்றாலும் நாளைக்கு 500 யூனிட். கூலிக்காரர் வீடு 450ம் சேர்ந்தால்தான் அந்த ஓட்டலின் குளிருக்கு ஈடாகும். விளக்கு அலங்காரம், நீச்சல் குளம், சமையல்கட்டு இவை தனி. தலைக்கு 2 டன் என்ற சராசரிக்குள்ளே நமது 450 குடிசைகளை முன்னே நிறுத்திவிட்டு, பின்னே ஓட்டல்காரன் ஒளிந்துகொண்டிருக்கிறான். உலக மாநாடுகளில் நம் வறுமையைக் காட்டித்தான் அவன் வாதாடுகிறான். ஊருக்குத் திரும்பியதும் நமக்கு இலவச மின்சாரம் கூடாது என்கிறான்!

இனி நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். புதுவைக்கென்று பெரிய மின் நிலையம் கிடையாது. காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று 2000 முதல் இருக்கிறது. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது: நெய்வேலி, கோதாவரிக் கரையில் ராமகுண்டம், ஒரிசாவில் தால்ச்சர், கல்பாக்கம், கூடங்குளம். விளக்கு இங்கே எரிகிறது. புகை அங்கே எழும்புகிறது.

நெய்வேலி என்றால் நமக்குச் சும்மா ஒரு பெயர் அல்ல. 1956ல் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியால் எழுந்தது. 1962ல் முதல் யந்திரம் ஓடியது. 600 மெகாவாட் கொண்ட அந்த நிலையம் ஐம்பத்தெட்டு வருஷம் உழைத்து, 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. தென்னாற்காட்டு மண்ணைத் தோண்டிய கைகளும், நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்ற குடும்பங்களும், சோவியத் பொறியாளர்களும் சேர்ந்து போட்ட விளக்கு அது. டாட்டாவும் பிர்லாவும் போட்டதல்ல.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். யூனிட்டுக்கு எழும் கரியமில வாயு சாதாரண நிலக்கரியைவிட அதிகம். ஆகவே நாளைக்கோ மறுநாளோ "மூடு" என்ற குரல் முதலில் எழப்போவது நெய்வேலியை நோக்கித்தான். தெற்கே கடலூர், விருத்தாசலம் பக்கத்துத் தோழர்கள் இதை இப்போதே மனதில் கொள்ள வேண்டும்.

அந்தக் குரல் எழும்போது யார் தலையில் விழும்? 2020 ஜூலை 1ல் இரண்டாம் அனல் நிலையத்தில் பாய்லர் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டார்கள். 2023ல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்களை நிரந்தரமாக்கு என்று காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆண்டு வேலை செய்தும் அவர்கள் இன்னும் "ஒப்பந்தம்"தான். அதே 2023 ஜூலையில், வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிரின்மேல் மண்வெட்டும் யந்திரங்களை விட்டார்கள். கதிர் வைக்கப்போகும் பயிரை யந்திரம் உழுது புரட்டியதை நாடே பார்த்தது. நிலத்தை எடுக்கும்போது உழவனுக்கும் கூலிக்கும் யோசிக்காத அதிகாரிகள், நிலையத்தை மூடும்போது தொழிலாளிக்காக யோசிப்பார்கள் என்று எதை நம்பி இருப்பது?

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1984-85ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாட்சர் சர்க்கார் போலீஸைக் கொண்டு முறியடித்தது. சுரங்கங்கள் மூடின. ஊர் ஊராக வாலிபர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். ஆகாயத்தைப் பற்றிய கவலையால் அல்ல, சங்கத்தை உடைக்கவேண்டும் என்பதற்காக அவசரமாக மூடினார்கள். ஜெர்மனியிலோ 2020ல் சட்டம் போட்டார்கள். 2038க்குள் நிலக்கரியை விடுவது. நிலக்கரிப் பிரதேசங்களுக்கு 4,000 கோடி யூரோ. வேலை இழக்கும் 58 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்கு ஓய்வூதியம் வரும்வரை உதவித்தொகை. ஜெர்மன் முதலாளிக்கு நம் முதலாளியைவிட இதயம் பெரிது என்று எண்ண வேண்டாம். அங்கே சங்கம் மேஜையில் உட்கார்ந்திருந்தது. நிலக்கரியைக் கைவிடுவது வேறு. நிலக்கரித் தொழிலாளியைக் கைவிடுவது வேறு.

"சூரிய மின்சாரம் வந்துவிட்டதே, எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்திருப்பது உண்மை. 2025 ஜூன் மாதக் கணக்குப்படி இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது. நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் பகலில்தான் காய்கிறான். யூனிட் கணக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். ஒரு யூனிட்டுக்கு எழும் வாயு குறைந்து வருகிறது. யூனிட்கள் அதைவிட வேகமாகப் பெருகுவதால் மொத்தம் ஏறுகிறது. அரிசி விலை படியில் காலணா இறங்கி, வாங்கும் படி இரண்டு மடங்கானால் செலவு என்னவாகும்? அதே கதைதான்.

இதைவிட முக்கியம், அந்தச் சூரியத் தகடு யார் கையில் என்பது. ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் அதானி 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016ல் எழுப்பினார். சுமார் 2,500 ஏக்கர். அந்த மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு 25 வருஷம் வாங்கத் தமிழ்நாடு மின்வாரியம் 2015ல் ஒப்பந்தம் செய்தது. இரண்டே வருஷத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் சூரிய மின்சாரத்தின் ஏல விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு வந்துவிட்டது! சூரியன் ஒருவன்தான், வெயிலுக்கு விலை இல்லை. தகட்டின் விலை இறங்கியபோது லாபம் ஒருபக்கம் போயிற்று, 7 ரூபாய் 1 பைசா மக்கள் தலையில் நின்றது. வாயு குறைந்தால் போதும், கொள்ளை எவ்வளவானாலும் சரி என்று நாம் சொல்லிவிட முடியுமா?

அப்படியானால் பொதுத்துறையால் இது முடியாதா? ஏன் முடியாது? அதே நெய்வேலி நிறுவனம் தெற்கு ஜில்லாக்களில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்களை வைத்திருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, இரவில் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் வித்தையைக் கோவை ஜில்லா காடம்பாறையில் மின்வாரியம் 1980களிலேயே செய்து காட்டியது. அங்கே 400 மெகாவாட். இராத்திரிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை மலையிலேயே இருக்கிறது. போட வேண்டிய பணத்தைப் போடாமல் தனியாரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் குறை.

வீட்டுக் கூரையில் தகடு வைக்க 2024ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டு வந்தது. 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். நல்லது. ஆனால் மீதிப் பணம் யார் போடுவது? ஓலைக் கூரையில் எதை நிறுத்துவது? வாடகைக்குக் குடியிருப்பவன் யாருடைய மொட்டை மாடியில் ஏறுவது? மாடி உள்ளவனுக்கு மானியம், மாடி இல்லாதவனுக்குப் பிரசங்கம்.

இந்த லட்சணத்தில்தான் புதுவையின் மின்துறையையே விற்கப் பார்த்தார்கள். யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்பதாக 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022 செப்டம்பர் இறுதியில் புதுவைக்கு டெண்டரும் விட்டார்கள். மின் ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர் இருட்டில் கிடந்தபோதும் ஜனங்கள் ஊழியரை வைததைவிடச் சர்க்காரை வைததே அதிகம். 2024ல் கட்டணம் ஏறியபோது மறுபடி தெருவுக்கு வந்தோம். செப்டம்பரில் முழு அடைப்பு நடந்தது. விற்பனை ஆபத்து ஒழிந்தது என்று யாரும் பாயை விரித்துவிட வேண்டாம்.

விநியோகம் தனியார் கைக்குப் போனால் புகைக் கணக்கும் அவன் கைக்குப் போகும். எந்த மின்சாரத்தை வாங்குவது, யாருக்கு எந்த நேரத்தில் வெட்டுவது, எந்த விலை என்பதெல்லாம் லாபத்தை வைத்து முடிவாகும். அதிகம் விற்றால் அதிக லாபம் காண்பவன் மின்சாரச் சிக்கனத்துக்கு ஏன் பாடுபடுவான்? பகல் விலை, இரவு விலை என்று பிரித்து, வேலை முடித்து வீடு திரும்பி விளக்கேற்றும் நேரத்தில் கூடுதல் பணம் பிடுங்குவான். அதற்கும் "பசுமை" என்றே பெயர் வைப்பான்.

1936 ஜூலை 30ல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு மில் தொழிலாளர் உயிரைக் கொடுத்த ஊர் இது. அந்த ரத்தத்துக்குப் பிறகே எட்டு மணி நேர வேலை கிடைத்தது. அந்த ரோடியர் மில், பிற்பாடு ஏ.எஃப்.டி., தானே புயலில் சேதப்பட்டு, நொண்டி நொண்டி, 2020ல் மூடப்பட்டது. சுதேசியும் பாரதியும் அதே கதி. நகரின் நடுவில் அவ்வளவு இடம். அங்கே மின்துறையே சூரியத் தகடுகளை நிறுத்தலாம். வேலை இழந்த மில் குடும்பத்துப் பிள்ளைகளைப் பழக்கி நிரந்தர வேலையில் வைக்கலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சர்க்கார் ஆபீஸ், தொகுப்பு வீடு, இவற்றின் கூரைகளெல்லாம் சும்மா காய்கின்றன. தகட்டை மின்துறை போடட்டும். அதன் பலனைக் கூரை இல்லாத வீட்டின் பில்லில் கழிக்கட்டும். இதற்கு விஞ்ஞானம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, விவசாயத் தொழிலாளருக்காக. சித்திரை, வைகாசியில் பகல் பதினொன்று முதல் மூன்று வரை வயல் வேலை, கட்டட வேலை, சாலை வேலை நிறுத்தப்பட வேண்டும். அந்த மணிகளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. ஆகாயத்தைச் சூடாக்கியது நாம் அல்ல. அந்தச் சூட்டுக்காக நம் அரை நாள் கூலியும் போக வேண்டுமா?

மின்துறையைத் தனியாருக்கு விற்காதே; ஓட்டல், பெருங்கம்பெனி, குடிசை என்று தனித்தனியாக யார் எவ்வளவு மின்சாரம் எரிக்கிறார் என்ற கணக்கை வருஷா வருஷம் வெளியிடு; சூரிய மின்சாரத்தை மின்துறையே உற்பத்தி செய்; வெயில் நேர ஓய்வுக்குக் கூலி கொடு; நெய்வேலியில் ஒரு யந்திரம் நிற்கும் முன் அதன் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலையை எழுத்தில் கொடு என்று ஒரு மகஜர் தயாராகியிருக்கிறது. கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு பக்கத்தில் கிளைத் தோழர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கையெழுத்துப் போடும்போது வீட்டு மின்சார பில்லை எடுத்து வைத்திருங்கள். சென்ற வருஷம் எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய், இந்த வருஷம் எவ்வளவு என்பதையும் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வோம். மில் தோழர்கள் ஷிப்டு முடிந்து வரும்போது சங்க ஆபீசிலேயே தாள் கிடைக்கும்.